வருகிறேன் என்று விடைபெறும் ஊர்

நாள் 1, சனி

ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியபோது என்னிடம் இரண்டு பெட்டிகள், ஒரு தோள்பை, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையில் மீந்த ஒரு கவளம். கொல்கத்தாவுக்கு இடமாற்ற உத்தரவு கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நடு ஆண்டில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்று அவளும் மனைவியும் அடுத்த ஏப்ரல் வரை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்கள். “எப்போது வருவீர்கள், அப்பா?” என்று வாசலில் கேட்டாள். “போய்விட்டு வருகிறேன்” என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் அம்பாசடர் டாக்ஸிகள் வரிசையாக நின்றன. ஹூக்ளி ஆற்றுக்கு இந்தப் பக்கம் உத்தர்பாராவில்தான் இந்தக் காரைச் செய்தார்கள். தொழிற்சாலை 2014இல் நின்றுபோனது. பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியை இந்த நகரத்தில் ஓட்டக் கூடாது என்பதால் மஞ்சள் வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. ஓட்டுநர் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, இருக்கையில் கிடந்த துண்டை உதறி எனக்காக விரித்தார்.

பிறகு ஹவுரா பாலம். 705 மீட்டர் நீளம். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கட்டியிருக்கிறார்கள். திறந்தது 1943இல். எங்கள் ஊரில் தாமிரபரணிக்குச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறந்தது. சரியாக நூறு ஆண்டு இடைவெளி. பாலத்தைக் கடக்கும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் தினமும் கடந்த பாலத்தின் பெயரனைப் பார்த்ததுபோல் இருந்தது.

அறை லேக் மார்க்கெட்டுக்கு அருகில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி. சிவப்பு சிமெண்ட் தரை, சட்டம் சட்டமாகத் திறக்கும் பச்சை மர ஜன்னல். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். தெருவில் எல்லோரும் ‘மாஷிமா’ என்று கூப்பிடுகிறார்கள். மாஷி என்றால் அம்மாவின் உடன்பிறந்தாள், சித்தி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். இரண்டு கொஞ்சத்தையும் வைத்துத் தண்ணீர் எந்நேரம் வரும், சாவி எங்கே தொங்கும், பூனைக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் பேசி முடித்தோம்.

நாள் 2, ஞாயிறு

நாலரை மணிக்கே வெளுத்துவிட்டது. ஐந்து மணிக்குச் சூரியன். நெல்லையில் இப்போது ஆறு மணிக்கு மேல்தான். ஜன்னல் சட்டங்களின் வழியே வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தபோது அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்தேன்.

இன்று ரத யாத்திரை. பூரியில் ஜெகந்நாதர் தேரேறும் நாள். சாயங்காலம் சந்துக்குள் நடந்தால், எதிரே தேர்! முழங்கால் உயரம் இருக்கும். மரத்தில் இரண்டு மூன்று அடுக்கு, கலர்த்தாள், செவ்வந்தி, உள்ளே சின்னஞ்சிறிய ஜெகந்நாதர், பலராமர், சுபத்திரை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கயிற்றைப் பிடித்து இழுக்க, தாத்தா பின்னால் குனிந்தபடி தேர் சாயாமல் தாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த சந்தில் இன்னொன்று. அதற்கடுத்த சந்தில் மூன்று.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நிலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளும் பலகையில் சக்கரம் கோத்துச் சப்பரம் இழுப்பார்கள். நானும் இழுத்திருக்கிறேன். பிள்ளை என் முன்னால் தேரை நிறுத்தி ஒரு தட்டை நீட்டியது. பத்து ரூபாய் போட்டேன். பிரசாதமாக ஒரு பத்தாசா கிடைத்தது. நம் ஊர் கோயில் கடையில் விற்குமே, அதே சீனி மிட்டாய்.

ரதத்தன்று அப்பளமும் ஜிலேபியும் தின்ன வேண்டும் என்பது இங்குள்ள வழக்கமாம். மாஷிமா இரண்டும் கொடுத்தனுப்பினார். பொரித்த அப்பளத்தைத் தனியாக, சோறில்லாமல், தெருவில் நின்று நொறுக்கித் தின்பது நன்றாகத்தான் இருக்கிறது.

நாள் 4, செவ்வாய்

அலுவலகம் டல்ஹௌசி பக்கம். பெயரை மாற்றிப் பல காலம் ஆகியும் ஊர் இன்னும் அப்படித்தான் சொல்கிறது. காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் மாறி, மகாகரணில் இறங்க வேண்டும். நான் போகும் முதல் வண்டிதான் இந்தியாவின் முதல் மெட்ரோ. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை மூன்றரை கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடத் தொடங்கியது. மாறி ஏறும் வண்டி பச்சைப் பிள்ளை. 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள்.

மாலையில் மகாகரணில் ஏறி வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஹவுராவுக்குப் போனேன். இடையில் ஹூக்ளி ஆறு. சுரங்கத்தில் நீல விளக்குகள் ஓடத் தொடங்கியதும் தலைக்கு மேலே ஆறு என்று அர்த்தம். அரை கிலோமீட்டர் தொலைவு, முக்கால் நிமிடம். பெட்டியிலிருந்த பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். தினமும் போகிறவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது, இருந்தும் எடுத்தார்கள். தன் ஊரை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற ஜனங்களோடு பயணம் செய்வது மனதுக்கு இதமாக இருந்தது. திரும்பும்போது படகில் வந்தேன். போகும்போது ஆற்றுக்குக் கீழே, வரும்போது ஆற்றுக்கு மேலே.

இன்று கற்ற சொல் இது. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு மாஷிமாவிடம் “போகிறேன்” என்று இந்தியில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அப்படிச் சொல்லக் கூடாது, “ஆஷ்சி” என்று சொல் என்றார். ஆஷ்சி என்றால் வருகிறேன். வங்காளிகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. அதற்குப் பெரியவர்கள் “எஷோ” என்பார்கள், வா என்று அர்த்தம். நான் படியிறங்கும்வரை அவர் வாசலில் நின்று “துர்கா, துர்கா” என்று மெல்லச் சொன்னார். பயணம் போகிறவருக்குப் பின்னாலிருந்து சொல்லும் காப்பு அது.

ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்தும் அதே விடை, அதே பதில். நான் பேசும் இந்தியில் அந்த விடை இல்லை என்பது இன்றுதான் உறைத்தது.

நாள் 5, புதன்

லேக் மார்க்கெட்டில் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தொடுத்த மல்லிகை எல்லாம் கிடைக்கின்றன. தலைமுறைகளாகத் தமிழர் குடியிருந்த வட்டாரம் இது. காபிப்பொடிக் கடையில் வறுக்கும் மணம் தெருமுனைவரை வந்தது. கால் கிலோ வாங்கினேன். கடைக்காரர் தமிழிலேயே, “சிக்கரி போடவா?” என்று கேட்டார். நான்கு நாளில் முதன்முதலாக என் காதில் நேரே விழுந்த தமிழ்ச்சொல். “வேண்டாம்” என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாள் 6, வியாழன்

மாஷிமா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இது ஹில்சா மீன் காலம். சந்தை முழுவதும் வெள்ளியாக மின்னுகிறது. நான் மரக்கறிக்காரன் என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதும் அவர் ஒரே வார்த்தையில், “நிராமிஷ்” என்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

முதலில் கசப்பு வந்தது. பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் போட்டுப் பாலூற்றி முடித்த ஷுக்தோ. வங்காளிச் சாப்பாடு கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும். அடுத்துப் பருப்பு. அப்புறம் கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு. அதற்கும் அப்புறம் வந்ததை வாயில் வைத்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். வாழைப்பூ! ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுத்து, மோரில் போட்டு வைத்து எங்கள் அம்மா செய்வாரே, அதே வாழைப்பூ. இங்கே அதற்கு மோச்சா என்று பெயர். தேங்காயும் கரம் மசாலாவும் நெய்யும் போட்டிருந்தார். வாழைத்தண்டும் சமைப்பார்களாம். அரிசி கோவிந்தபோக். சீரகச் சம்பாவைப் போலப் பொடியானது, மணக்கிறது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மாமியாரிடம் என்றார். மாமியார் இளவயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி மீன் கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மைசூர்ப் பருப்புகூடக் கூடாது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மீதி இருந்ததைக் கொண்டு அவர்கள் சமைத்தார்கள். தோலில் ஒன்று, தண்டில் ஒன்று, பூவில் ஒன்று. இன்று உலகம் புகழும் வங்காள மரக்கறிச் சமையலில் பெரும்பகுதி அந்த அடுப்புகளில் பிறந்தது.

மாஷிமாவும் எட்டு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்தவர். அவர் மீன் சாப்பிடுகிறார். காரியம் முடிந்த மறுநாளே மகள் மீனைப் பொரித்துத் தட்டில் வைத்து, நீ தின்னாவிட்டால் நானும் தின்ன மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாளாம். சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது. அத்தைக்கு அப்படி எதிரே உட்கார ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்த நினைவு போகவில்லை.

நாள் 8, சனி

காலேஜ் ஸ்ட்ரீட். நடைபாதை முழுக்கப் புத்தகம். 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சியின் சுற்றுவேலியோடு ஒட்டியே தகரக் கடைகள். வித்யாசாகர் 1855இல் எழுதி இன்றும் அச்சாகும் வங்காள அரிச்சுவடியை வாங்கினேன். மெல்லிய ரோஜா நிற அட்டை. விதவை மறுமணத்துக்காகப் போராடி 1856இல் சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் இவரே. வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சிறு புத்தகம் கையில் கனத்தது.

காபி ஹவுஸ் படியேறினேன். உயரமான கூரை, தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், சுற்றிலும் பேச்சின் இரைச்சல். தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. பாலில்லாக் காபிக்கு இங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். காபி நம் காபி இல்லை, அதை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று ஒருவரும் பார்வையால்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மழை. அரை மணிநேர மழைதான். அதற்குள் டன்டனியா பக்கம் முழங்காலளவு தண்ணீர். கைரிக்ஷாக்காரர் ஒருவர் மணியைக் கைப்பிடி மரத்தில் தட்டிக்கொண்டு அருகில் வந்தார். வயது என் அப்பாவின் கடைசி வயது இருக்கும். மனிதன் இழுக்கும் வண்டியில் மனிதன் ஏறுவதில்லை என்பதில் எனக்கு உறுதி உண்டு. தமிழ்நாட்டில் 1973இலேயே அதை ஒழித்தாயிற்று. இங்கே சட்டமன்றம் 2006இல் தடை மசோதா நிறைவேற்றியும் வண்டி ஓடுகிறது, ஏனென்றால் இழுப்பவருக்கு வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. “எல்லோரும் வேண்டாம் என்றால் நான் ஊருக்கு என்ன அனுப்புவேன், பாபு?” என்று இந்தியில் கேட்டார். பீகாரில் சமஸ்திபூர்ப் பக்கம் அவர் ஊர்.

புத்தகப் பொதியையும் பையையும் இருக்கையில் வைத்தேன். அவர் இழுக்க, நான் பக்கத்தில் தண்ணீரில் நடந்தேன். எங்கே குழி, எங்கே மூடியில்லாத சாக்கடை என்று அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. கையை நீட்டி நீட்டி என்னை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். மெட்ரோ வாசலில் ஆளுக்குரிய கூலியையே கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு அரிச்சுவடியை எடுத்துத் துண்டால் அட்டையைத் துடைத்துக் கொடுத்தார். நான் செய்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

நாள் 9, ஞாயிறு

ஷோபாபஜாரில் இறங்கிக் குமார்டுலிக்கு நடந்தேன். துர்கை செய்யும் குயவர் தெரு. அக்டோபர் பூஜைக்கு ஜூலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. இரண்டு ஆள் ஒதுங்க இடமில்லாத சந்துகள். இருபுறமும் கொட்டகைகளில் வைக்கோல் உருவங்கள். தலை இல்லை, விரல் இல்லை, மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுக்கிக் கட்டிய வெறும் உடம்பு. ஆனாலும் நிற்கும் நிலையிலேயே இது துர்கை, இது சிங்கம், இது மகிஷன் என்று தெரிந்துவிடுகிறது.

ஒரு கொட்டகையில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர் நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, “சா காபேன்?” என்றார். டீ தின்கிறீர்களா என்று அர்த்தம். வங்காளிகள் தண்ணீரையும் டீயையும் தின்னவே செய்கிறார்கள். காபி சாப்பிடுங்கள் என்று சொல்லும் ஊர்க்காரனுக்கு அது வேற்றுப் பேச்சாகத் தோன்றவில்லை. மண் கோப்பையில் டீ வந்தது. குடித்துவிட்டுக் கோப்பையை வீசி எறிய எனக்கு மனம் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வாசலில் போட்டார். ஆற்று மண், மறுபடி மண்ணாகும் என்றார்.

நாள் 15, சனி

கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேடுக்கு 25ஆம் எண் டிராம். பாலிகஞ்ச், பார்க் சர்க்கஸ், நோனாபுகூர் வழியாக ஊர்ந்து போகிறது. மரப் பலகை இருக்கை, கூரையில் சுழலும் மின்விசிறி. குதிரை இழுத்த டிராம் இங்கே 1873இல் வந்தது, மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது 1902இல். சென்னை அதற்கு முந்திக்கொண்டது, 1895இலேயே மின்சார டிராம். 1953இல் அதை நிறுத்திவிட்டோம். இங்கும் வழித்தடங்களை ஒவ்வொன்றாக மூடி, விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம் வைத்திருக்கிறார்கள். குறுக்கே வரும் கார்கள் டிராமின் மணியை மதிப்பதே இல்லை. பக்கத்தில் இருந்த முதியவர் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே, “இது போனால் நான் எஸ்பிளனேடுக்கு வர மாட்டேன்” என்றார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் ஏறி இறங்குவதற்காகவே வருகிறாராம்.

புகையில்லை, பெட்ரோல் இல்லை, படியேற முடியாதவர்களுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும் வண்டி. அதைத் தொல்லை என்கிறார்கள். ஒரு முறை இழந்த ஊர்க்காரனாக நான் சொல்கிறேன், இதை விடாதீர்கள்.

நாள் 19, புதன்

காய்ச்சல். மாஷிமா பொரி கொண்டுவந்தார். மகள் போனில் வங்காளத்தில் எண்ணிக் காட்டச் சொன்னாள். ஏக், துயி, தீன், சார், பாஞ்ச். அவள் திருப்பிச் சொல்லித் தூங்கிப்போனாள்.

நாள் 23, ஞாயிறு

எங்கும் போகவில்லை. மாலையில் எதிர்வீட்டு ரோயாக்கில் உட்கார்ந்தேன். ரோயாக் என்றால் திண்ணை. வீட்டு வாசலை ஒட்டித் தெருவைப் பார்த்திருக்கும் சிமெண்ட் மேடை. ஐந்தாறு பேர் அங்கே தினமும் கூடிக் கால்பந்தும் அரசியலும் பேசுகிறார்கள். என் பெயர் வேலாயுதம், அவர்கள் வாயில் பேலாயுதம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருந்த திண்ணைகளை எல்லாம் இடித்துக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டோம். எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்தது நான்தான். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டார்.

நாள் 30, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பா போன பிறகு ஒவ்வோர் ஆண்டும் குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியில் இறங்கித்தான் எள்ளும் நீரும் இறைத்திருக்கிறேன். இன்று அங்கே கூட்டம் நெரியும். இங்கே இது வெறும் ஞாயிற்றுக்கிழமை. லேக் மார்க்கெட்டில் எள்ளும் தர்ப்பையும் நேற்றே வாங்கி வைத்திருந்தேன். மாஷிமாவிடம் எங்கே போகிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு பித்தளைச் செம்பைக் கொடுத்து, “எஷோ” என்றார். பிறகு வழக்கம்போல் துர்கா, துர்கா.

காலை மழை விட்டுக் குமார்டுலிக்குப் பின்னால் உள்ள படித்துறைக்குப் போய்ச்சேர முற்பகல் ஆகிவிட்டது. கலங்கிய நீர். சில பிள்ளைகள் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு இறங்கி அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், பூட்டனாரின் பெயர் சொன்னேன். எள்ளை விட்டேன்.

எள் கடலைப் பார்த்துப் போகவில்லை. வடக்கே, வந்த வழியே மேலேறிப் போனது.

ஒரு கணம் உடம்பு நடுங்கிவிட்டது. படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு, “ஜோவார், ஜோவார்” என்றார். கடல் ஏற்றம். இந்த ஆற்றில் கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்து தண்ணீரைத் திருப்பித் தள்ளுகிறது. அமாவாசையில் ஏற்றம் அதிகம். என் ஊர் ஆற்றில் போனது போனதுதான். இங்கே சில மணி நேரம் ஆறு திரும்பி வருகிறது. எள் கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈர வேட்டியோடு குமார்டுலிச் சந்துக்குள் நடந்தேன். அதே கொட்டகை. வைக்கோலின் மேல் முதல் மண் பூசியாயிற்று. இன்னும் தலை வரவில்லை. மழைநாளில் மண் காயாது என்பதால் நெருப்பு மூட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அன்று டீ கொடுத்தவர் என்னை அடையாளம் கண்டு, வேட்டி ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். “பாபா” என்று சொல்லி ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மண் குழைத்த கையாலேயே ஒரு பலகையை நெருப்பருகில் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சிங்கத்தின் முதுகு காய்ந்தது, இன்னொரு பக்கம் என் வேட்டி.

எழுந்தபோது “ஆஷ்சி” என்றேன். அவர் நிமிராமலே, “எஷோ” என்றார்.